முத்துமீனா சொல்லிவிட்டு வந்த வார்த்தை

2023 பிப்ரவரி 8. பாஸ்போர்ட் கட்டணம். ரூ. 1,500.
2023 மார்ச் 21. விமானச் சீட்டு, போக வர, அவள் பங்கு. ரூ. 23,190.
2023 ஏப்ரல் 19. மதுரை–சென்னை ரயில், இரண்டு பேர். ரூ. 370.
2023 ஜூலை 16. திரும்பி வந்தாள்.
2023 அக்டோபர் 11. எழுமலை–உசிலம்பட்டி வாடகைக் கார். ரூ. 900.
2024 ஜனவரி 4. மொரீஷியஸுக்குப் பதிவுத் தபால். ரூ. 120.

என் குறிப்பேட்டில் உள்ள இந்த வரிகள் என் தம்பி மகள் முத்துமீனாவைப் பற்றியவை. நான் அவளுக்குப் பெரியப்பா. அஞ்சல் துறையில் முப்பத்தாறு ஆண்டு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்று, மதுரை ஆனையூரில் வசிக்கிறேன். எழுமலையிலிருந்து பி.எட். படிக்க வந்தவள் எங்கள் வீட்டு மாடியறையில் தங்கினாள். அவளுக்கு வந்த தபால்கள் என் கை வழியாகத்தான் போயின.

எங்கள் அப்பாவுக்குச் சொந்த நிலம் கிடையாது. எழுமலையில் பிறர் காட்டில் கூலி வேலை பார்த்தவர். நான் படித்து வெளியே வந்தேன். தம்பி கருப்பு ஊரிலேயே இருந்து, 2009இல் ஒரு ஏக்கர் நாற்பது சென்ட் புஞ்சை வாங்கினான். மக்காச்சோளம் போடுவான், அதை எடுத்ததும் கொத்தமல்லி. அவன் மனைவி சோணையம்மாள். பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் அருண்பாண்டி மதுரை காளவாசலில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். இளையவள்தான் முத்துமீனா. தமிழில் பட்டம் வாங்கிவிட்டு ஆசிரியர் படிப்பில் சேர்ந்தாள். அதிகம் பேசமாட்டாள். சிரித்தால் மட்டும் மாடியிலிருந்து கீழே கேட்கும்.

அவள் படித்த கல்லூரிக்கும் மொரீஷியஸ் தீவில் ஒரு தமிழ்ச் சங்கத்துக்கும் ஏற்பாடு ஒன்று இருந்தது. பயிற்சிக் காலத்தில் ஒரு மாணவியைப் பன்னிரண்டு வாரம் அங்கே ஒரு தொடக்கப் பள்ளிக்கு அனுப்புவார்கள். தங்க இடமும் சாப்பாடும் சங்கத்தின் பொறுப்பு. விமானக் கட்டணத்தில் பாதியைக் கல்லூரி தரும். அந்த ஆண்டு முத்துமீனாவைத் தேர்ந்தெடுத்தார்கள். மீதிப் பாதிக்குக் கருப்பு ஒரு கறவை மாட்டை விற்றான். யாரிடமும் கேட்கவில்லை. விற்ற பிறகுதான் எனக்குச் சொன்னான்.

காலை வைகை எக்ஸ்பிரஸில் அவளையும் துணைக்கு அருண்பாண்டியையும் ஏற்றிவிட நானும் கருப்பும் போயிருந்தோம். அருண்பாண்டி தங்கையைச் சீண்டிக்கொண்டே இருந்தான்.

"அங்க போயி அந்தப் புள்ளைகளுக்கு எழுமலைத் தமிழக் கத்துக்குடுத்துறாத. பெறகு அந்தத் தீவே எங்கிட்டுப் போற, எம்புட்டு வெலைன்னு பேச ஆரம்பிச்சிரும்."

"உன் கடையில பேசுற தமிழுக்கு அது எம்புட்டோ தேவலண்ணே" என்றாள் அவள்.

கருப்பு சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ரயில் நகரும்போது "சூதானமா இரு" என்றான். "வாரேம்ப்பா" என்றாள். அவ்வளவுதான் அவர்கள் பேசியது.

அந்தப் பள்ளி கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிறு ஊரில் இருந்தது. பிள்ளைகள் வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. பாடங்கள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும். ஒரு நாளில் ஒரு மணி நேரம் மட்டும் வகுப்பு பிரியும். இந்தி படிக்கிறவர்கள் ஓர் அறைக்கும் உருது படிக்கிறவர்கள் ஓர் அறைக்கும் தமிழ்ப் பிள்ளைகள் ஓர் அறைக்கும் போவார்கள். மூன்றாம் வகுப்பில் தமிழுக்குப் பதினோரு பேர். அவர்களுக்குப் பாடம் சொன்னவர் அந்தத் தீவிலேயே பிறந்த திருமதி வைத்திலிங்கம் என்ற அம்மையார். அவருக்கு உதவியாக நின்றாள் முத்துமீனா. இரண்டாம் வாரத்திலிருந்து முழுப் பாடத்தையும் அவளே நடத்தினாள்.

பிள்ளைகள் தமிழைப் பாடநூலில் இருந்துதான் அறிந்திருந்தார்கள். "நான் தண்ணீர் அருந்துகிறேன் மிஸ்" என்பார்கள். "எனது காலணி காணவில்லை" என்பார்கள். தினமும் மாலையில் அவள் போனில் இதையெல்லாம் சொல்லுவாள். அந்தச் சிரிப்பு அப்போது போனில் கேட்டது.

பதினோரு பேரில் ஒருத்தி பெயர் ஆனாயிஸ். எட்டு வயது. பிரெஞ்சுப் பெயர், ஆனால் வீட்டில் முருகனுக்குக் காவடி எடுக்கிறவர்கள். மிஸ் எந்த ஊர் என்று பிள்ளைகள் கேட்டபோது, முத்துமீனா எழுமலையையும் சொல்லி, இப்போது இருப்பது ஆனையூர் என்றும் சொன்னாள். ஆனாயிஸ் எழுந்து நின்றுவிட்டாள்.

"மிஸ், அது எனது ஊரா?"

"ஆமா. உன் பேர்லதான் வச்சிருக்காங்க" என்றாளாம் இவள்.

மற்றப் பிள்ளைகள் தங்களுக்கும் ஊர் கேட்டார்கள். ஒருவருக்குக்கூட ஊர் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து ஆனாயிஸ் இவளுடைய ஆளாகிவிட்டாள். கரும்பலகையைத் துடைப்பதும் கைப்பையைத் தூக்கி வருவதும் அவள்தான். கூந்தலைத் தளர விட்டுக்கொண்டு வருகிறவளுக்கு முத்துமீனா தினமும் வகுப்பு தொடங்குமுன் இரட்டைச் சடை பின்னிவிட்டாள். அது பாடத் திட்டத்தில் இல்லை. திருமதி வைத்திலிங்கம் பார்த்தும் பாராமல் இருந்துகொண்டார்.

மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையில் நின்று, "நான் போகிறேன் மிஸ்" என்று சொல்லிவிட்டுப் புறப்படுவது அங்கே வழக்கம். கிரியோலில் அப்படித்தான் சொல்வார்களாம். அதைத் தமிழாக்கிச் சொன்னார்கள். முத்துமீனாவுக்கு முதல் நாளே அது என்னவோ போல் இருந்தது. எங்கள் பக்கம் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறுகிறவன்கூட அந்த வார்த்தையை யோசித்துத்தான் சொல்லுவான். அம்மாவிடம் போனில் சொன்னாள்.

"பச்சப் புள்ளைக வாயில போறேன்னு வரலாமா? மாத்திவிடு ஆத்தா" என்றாள் சோணையம்மாள்.

மறுநாள் மாற்றிவிட்டாள். போகும்போது போகிறேன் என்று சொல்லக்கூடாது, வாரேன் என்று சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். ஏன் என்று விளக்கவில்லை. இதற்கெல்லாம் விளக்கம் உண்டு என்றே அவளுக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றியிருக்காது. பிள்ளைகள் பதினோரு பேரும் மறுநாளிலிருந்து "வாரேன் மிஸ்" என்றார்கள். சொன்னபடியே மறுநாள் காலையில் வந்தார்கள்.

ஆனாயிஸ் அந்த வார்த்தையை மிகச் சரியாகப் பயன்படுத்தினாள். வெள்ளிக்கிழமைகளில் "திங்கட்கிழமை வாரேன் மிஸ்" என்பாள். மாமா கல்யாணத்துக்கு முந்திய நாள், வரிசையில் நின்று யோசித்து, "நாளை வாரேன் இல்லை. மறுநாள் வாரேன்" என்றாள். நல்ல பிள்ளை, கணக்காகப் பேசுகிறது என்று முத்துமீனா என்னிடம் சொன்னாள். நானும் மெச்சினேன். அந்தப் பிள்ளை அதை வாக்கு என்று எடுத்துக்கொண்டிருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் பிடிபடவில்லை.

கடைசி நாள் ஜூலை 14, வெள்ளிக்கிழமை. பிள்ளைகள் அட்டையில் பூ வரைந்து கொடுத்தார்கள். மணி அடித்தது. அன்று பிள்ளைகளுக்கு முன்பாக இவள் அறையை விட்டுப் புறப்பட்டாள்.

"வாரேன் பிள்ளைகளா."

"எந்தக் கிழமை மிஸ்?" என்று ஆனாயிஸ் கேட்டாள்.

முத்துமீனா சிரித்துக்கொண்டே "வாரேன், வாரேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். எங்கள் ஊரில் இரண்டு தரம் சொன்னால் பேச்சு முடிந்தது என்று பொருள். அங்கே அது உறுதி என்று ஆகிவிட்டது.

ஊருக்கு வந்த பிறகு பிள்ளைகளோடு போனில் பேசவோ படம் அனுப்பவோ பள்ளி விதி இடம் தரவில்லை. பள்ளி முகவரிக்குக் கடிதம் எழுதலாம், அவர்களும் எழுதலாம். முதல் உறை ஆகஸ்ட் 24 அன்று ஆனையூருக்கு வந்தது. ஆளுக்கு இரண்டு வரி. ஆனாயிஸ் எழுதியது ஒரே வரி: "மிஸ், நீங்கள் எந்தக் கிழமை வருகிறீர்கள்?" இவள் பதினோரு பேருக்கும் பதில் எழுதி, முடிவில் பழக்க தோஷத்தில் "வாரேன்" என்று போட்டுக் கையெழுத்திட்டாள். அந்த உறையை ஒட்டியது நான்தான்.

செப்டம்பரில் சங்கத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஜனவரி முதல் ஓராண்டுக்கு அதே பள்ளியில் துணை ஆசிரியராக இருக்க விருப்பமா, நவம்பர் 30க்குள் சொல்ல வேண்டும். அவள் அன்றைக்கே எழுமலைக்குப் பேருந்து ஏறிவிட்டாள். கருப்பு வாய்க்கால் வேலையை நிறுத்திவிட்டு வந்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டான். அந்தப் பிள்ளைகள்தானா என்று கேட்டான். அவர்கள்தான் என்றாள். அப்படியானால் போயிட்டு வா என்றான். முறையாக உத்தரவு கையில் வந்ததும் பிள்ளைகளுக்குத் தேதியோடு எழுதலாம் என்று அவள் இருந்தாள். பரீட்சையும் பக்கத்தில் இருந்ததால் சங்கத்துக்கும் உடனே பதில் போடவில்லை.

அக்டோபர் 11, புதன்கிழமை காலையில் கருப்பு காட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். வாடகைக் காரில் உசிலம்பட்டிக்குக் கொண்டுபோனார்கள். பாதி வழியில் முடிந்துவிட்டது. அவனுக்கு ஐம்பத்தாறு வயது. நான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. அருண்பாண்டியோடு எனக்கு முன்னாலேயே வந்துவிட்ட முத்துமீனா அவன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் அப்படியே இருந்தாள். என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நானும் தம்பிக்காக அழுததாக நினைவில்லை.

நவம்பர் 7 அன்று மொரீஷியஸிலிருந்து இரண்டாம் உறை வந்தது. அவள் அப்போதும் எழுமலையிலேயே இருந்ததால், இரண்டு நாள் கழித்து ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறி நானே கொண்டுபோனேன். தீபாவளிக்கு மூன்று நாள் இருந்தது. அந்த வீட்டில் அந்த ஆண்டு தீபாவளி இல்லை.

முற்றத்தில் கருப்பு இறந்ததற்குத் துட்டி கேட்க வந்த மூன்று பெண்கள் சோணையம்மாளோடு உட்கார்ந்திருந்தார்கள். முத்துமீனா மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு உறையைப் பிரித்தாள். படித்து முடித்து என்னிடம் கொடுத்தாள்.

திருமதி வைத்திலிங்கம் எழுதியிருந்தது இது: உங்கள் ஊரில் வாரேன் என்றால் போகிறேன் என்று எனக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. நானும் முதலில் இதைக் கவனிக்கவில்லை. ஆனாயிஸ் ஒரு மாதம் தினமும், மிஸ் இன்றைக்கு வருகிறாரா என்று கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். இப்போது மணி அடித்ததும் மற்றவர்கள் வாரேன் சொல்கிறார்கள். அவள் மட்டும் வாயைத் திறக்காமல் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறாள். கண்டித்தேன். அந்த வார்த்தை பொய் என்று சொல்கிறாள். ஜனவரி இரண்டாம் வாரம் பள்ளி திறக்கும்போது நான்காம் வகுப்புக்கு வருவாள். நீங்கள் வருவதாக இருந்தால் என்றைக்கு என்றும், இல்லையென்றால் இல்லை என்றும் தயவுசெய்து நீங்களே எழுதுங்கள். இவ்வளவுதான் கடிதம்.

நான் படித்து முடிக்கிற நேரத்தில் அந்த மூன்று பெண்களும் எழுந்தார்கள். சேலையை உதறிக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் போனார்கள். துட்டி வீட்டில் வாரேன் என்று சொல்லக்கூடாது. சொன்னால் அந்தக் காரியத்துக்கு மறுபடியும் வருவதாக ஆகிவிடும். ஒரு மாதமாக அந்த முற்றத்துக்கு வந்த அத்தனை பேரும் அப்படித்தான் எழுந்து போயிருந்தார்கள்.

அந்தப் பெண்கள் பம்புசெட்டைத் தாண்டும்வரை முத்துமீனா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் புள்ளையும் இப்படித்தான் எந்திரிச்சுப் போகுதாம் பெரியப்பா" என்றாள்.

குரலில் ஏற்றமோ இறக்கமோ இல்லை. மறுபடி சோளத்தை உதிர்க்க உட்கார்ந்துவிட்டாள்.

அவளை யாரும் தடுக்கவில்லை. இதை நான் திட்டமாகச் சொல்ல வேண்டும். அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்றான் அருண்பாண்டி. இங்கே உட்கார்ந்து என்ன செய்யப் போகிறாய் என்று சோணையம்மாளும் கேட்டாள். எல்லாவற்றுக்கும் முத்துமீனா "ம்" என்றாள். சங்கத்துக்கு ஒரு வரி பதில் போட்டால் போதும். போனை எடுப்பாள், பார்ப்பாள், வைத்துவிடுவாள். போகப் பிடிக்கவில்லையா என்று ஒருநாள் கேட்டேன். பிடிக்காமல் என்ன என்றாள். பயமா என்றேன். அதுவும் இல்லை என்றாள். நவம்பர் 30 அன்று வாரிசுச் சான்றுக்காகத் தாலுகா அலுவலகத்தில் அம்மாவோடு நின்றுவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தீவனம் வைத்துவிட்டுப் படுத்தாள். மறுநாள் காலையில் போன் போட்டுக் கேட்டேன்.

"நேத்தோட முடிஞ்சிருச்சு பெரியப்பா" என்றாள். ரேஷனில் சீனி முடிந்துவிட்டது என்பதைச் சொல்கிற மாதிரி இருந்தது.

இனி மிச்சம் இருந்தது அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது. டிசம்பர் முழுவதும் அது நடக்கவில்லை. புத்தாண்டுக்கு மறுநாள் நான் எழுமலைக்குப் போனபோது, எழுதத் தாள் கேட்டாள். மூன்று தாளில் ஏற்கெனவே எழுதி அடித்திருந்தாள். ஒன்றில் "கூடிய சீக்கிரம்" என்று இருந்தது. ஒன்றில் "பார்க்கலாம்" என்று இருந்தது. எனக்கு அலுவலகப் பழக்கம். "இப்போதைக்கு வர இயலாத நிலையில் இருக்கிறேன் என்று எழுதிவிடு" என்றேன்.

"இப்போதைக்குன்னா எது வரைக்கும்னு கேக்கும் பெரியப்பா."

யோசித்துப் பார்த்தேன். நம்மிடம் இருக்கிற வார்த்தைகள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. கதவை முழுக்கச் சாத்தாமல் விடுவதற்கென்றே உள்ளவை. கேட்கிறவரும் அதைத் தெரிந்துகொண்டு பேசாமல் இருந்துவிடுவார். அந்தத் தீவில் அப்படி இருந்துவிடத் தெரியாத ஒரு பிள்ளை இருந்தது.

"வரமாட்டேன்னு எழுதுறேன்" என்றாள்.

அடுப்படியில் இருந்த சோணையம்மாளுக்கு அது கேட்டுவிட்டது. வெளியே வந்தாள்.

"உங்கப்பன் போயி மூணு மாசம் ஆகல. துட்டி வீட்டுல உக்காந்துக்கிட்டு ஒரு பச்சப் புள்ளைக்கு வரமாட்டேன்னு எழுதுவியா? ஒன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

"வாரேன்னு எழுதுனா அது வாசலப் பாத்துக்கிட்டே இருக்கும்மா."

"புள்ளதானே. மறந்துரும்."

"மறக்கலையே. அஞ்சு மாசமா மறக்கலையே."

அக்டோபருக்குப் பிறகு முத்துமீனா தொடர்ந்து இரண்டு வாக்கியம் பேசியது அன்றுதான். சோணையம்மாள் என்னைப் பார்த்து, "எழுதட்டும். கடைசியில நல்லா இருங்கன்னு ஒரு வார்த்த போடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவள் எழுதியதை நான் படித்துப் பார்த்தேன். திருத்தவில்லை. அது இது:

"அன்புள்ள பிள்ளைகளுக்கு, என் அப்பா இறந்துவிட்டார். நான் எழுமலையில் என் அம்மாவோடு இருக்கிறேன். நான் இனி உங்கள் பள்ளிக்கு வரமாட்டேன். எங்கள் ஊரில் ஒரு வீட்டை விட்டுப் போகும்போது வாரேன் என்று சொல்வோம். அது வருவதாக வாக்குக் கொடுப்பது ஆகாது. இதை நான் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஆனாயிஸ் கேட்ட கேள்விக்குப் பதில்: எந்தக் கிழமையும் இல்லை. உங்களை எனக்கு மிகவும் பிடிக்கும். நல்லா இருங்க. முத்துமீனா மிஸ்."

ஜனவரி 4 அன்று ஆனையூரில் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

முத்துமீனா விட்டுப்போன பரீட்சையை அந்தக் கோடையில் எழுதினாள். இப்போது மதுரையில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்கிறாள். சோணையம்மாள் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அருண்பாண்டியோடு வந்துவிட்டாள். சனிக்கிழமைகளில் முத்துமீனா எங்கள் வீட்டுக்கு வருவாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். அந்தச் சிரிப்பை மட்டும் நான் இன்னும் கேட்கவில்லை.

அந்தக் கடிதத்துக்குப் பதில் ஒரு தடவை வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. திருமதி வைத்திலிங்கம் தன் பங்குக்கு அப்பா இறந்ததற்கு ஆறுதல் எழுதியிருந்தார். கூடவே ஒரே ஒரு பிள்ளையின் தாள், கோடு போட்டது, நான்காக மடித்தது. பரீட்சைக்காக மறுபடியும் எங்கள் மாடியறைக்கு வந்திருந்த முத்துமீனா மாடிப்படியில் நின்றபடியே படித்தாள். பிறகு எனக்கும் வாசித்துக் காட்டினாள்.

"மிஸ், உங்கள் கடிதம் படித்தேன். புரிந்தது. உங்கள் அப்பாவுக்காக எனது அம்மா கோவிலில் விளக்கு வைத்தார். நான் நான்காம் வகுப்பு. எனக்கு ஒரு பல் விழுந்தது. ஆனாயிஸ்."

"பல்லு விழுந்திருச்சாம் பெரியப்பா" என்றாள். தாளை மடித்த மடிப்பிலேயே மடித்து என்னிடம் தந்துவிட்டு, காயப்போட்ட துணியை எடுக்க மேலே போனாள்.

உறையின் மேல் அது வந்த தேதியைக் குறித்தேன். 2024 பிப்ரவரி 27, செவ்வாய்க்கிழமை.